அரூப ஓவியத்தின் அக்ரிலிக் நகல்: வீட்டுக்கு வாங்கும் முன்

புது வீட்டுக்குக் குடிபோன முதல் மாதம், ஹாலில் சோபாவுக்கு மேலே இருந்த சுவர் வெறிச்சென்று கிடந்தது. மரம், முகம் என்று எதையும் காட்டாமல் வெறும் வடிவமும் நிறமுமாக இருக்கும் அரூப ஓவியங்கள், அதிலும் ரஷ்ய ஓவியர் கண்டின்ஸ்கியின் வட்டங்கள், எனக்கு நெடுநாளாகப் பிடிக்கும். இணையத்தில் 'அக்ரிலிக் பெயின்டிங்' என்று போட்டிருந்த ஒன்றை ஆர்டர் செய்தேன். வந்த பெட்டியைப் பிரித்தால் கேன்வாஸ் இல்லை, தூரிகை பட்ட தடம் இல்லை. ஐந்து மில்லிமீட்டர் கனத்தில் கண்ணாடி மாதிரி ஒரு பலகை, அதன் முதுகில் அச்சடித்த படம். பார்க்கப் பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் நினைத்துப் பணம் கட்டியது அதற்கில்லை. விற்றவருக்குப் போன் போட்டால், "அக்ரிலிக்னுதானே சார் போட்டிருக்கோம்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை.

அதற்குப் பிறகு நண்பர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் இப்படி நகல் வாங்கக் கூடவே போய் வந்திருக்கிறேன். முதல்முறை வாங்குகிறவர்கள் தடுமாறும் இடங்கள் அநேகமாக எல்லாருக்கும் ஒரே மாதிரிதான். நான் போகும் வரிசையிலேயே அவற்றைச் சொல்கிறேன்.

எந்த அக்ரிலிக் என்று கேளுங்கள்

கடையில் 'அக்ரிலிக்' என்று சொன்னால் அது மூன்றில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று, அக்ரிலிக் வண்ணத்தால் கேன்வாஸில் கையால் தீட்டிய நகல். நிறமியை அக்ரிலிக் பிசின் கலந்த பால் போன்ற குழம்பில் சேர்த்துச் செய்வதுதான் இந்த வண்ணம். தண்ணீர் விட்டுத் தீட்டலாம். காய்ந்துவிட்டால் தண்ணீரில் கரையாது. எண்ணெய் வண்ணம் நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும். இது மெல்லிய பூச்சாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் காய்ந்துவிடும்.

இரண்டு, எனக்கு வந்தது: அக்ரிலிக் பலகை, அதாவது கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். படம் பலகையின் பின்பக்கத்தில் நேரடியாக அச்சாகியிருக்கும், அல்லது அச்சிட்ட தாள் பின்னால் ஒட்டப்பட்டிருக்கும்.

மூன்று, கேன்வாஸ் துணியில் மெஷின் அச்சு. அதன்மேல் நிறமில்லாத அக்ரிலிக் ஜெல்லைத் தூரிகையால் இழுத்து மேடு பள்ளம் உண்டாக்கியிருப்பார்கள். இதை 'டெக்ஸ்சர்' என்ற பெயரில் விற்பார்கள். சில கடைகளில் கையால் தீட்டியது என்றே சொல்லிவிடுகிறார்கள்.

மூன்றுமே அதனதன் விலைக்கு வாங்கத் தகுந்தவைதான். கையால் தீட்டியதன் விலையில் மூன்றாவது வகையை வாங்கி வந்துவிடக்கூடாது, அவ்வளவே.

அக்ரிலிக் வண்ணம் மட்டமானது, எண்ணெய் வண்ணம்தான் உசத்தி என்று ஒரு பேச்சு உண்டு. நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. இந்திய ஓவியர் எஸ்.எச். ராசாவின் புகழ்பெற்ற 'சௌராஷ்டிரா' (1983) கேன்வாஸில் அக்ரிலிக்தான். ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கண்டின்ஸ்கியும், கட்டங்களுக்குப் பேர்போன டச்சு ஓவியர் மோந்திரியானும் 1944-இல் இறந்தவர்கள். தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் கடைக்கு வந்ததோ 1950-களில். ஆகவே அவர்களுடைய கேன்வாஸ் ஓவியத்தின் அக்ரிலிக் நகல், எண்ணெயில் இருந்ததை வேறொரு ஊடகத்தில் மறுபடி தீட்டியதுதான். தட்டையான நிறமும் கூரான விளிம்பும் உள்ள படங்கள் அக்ரிலிக்கில் அழகாக வரும். நிறத்துக்குள் நிறம் கரைந்து உள்ளிருந்து ஒளிரும் படங்கள் கொஞ்சம் வறண்டு போகும். கேன்வாஸில் நிறத்தை மென்மையாகப் பரப்பிய மார்க் ராத்கோ மாதிரியான ஓவியர்களின் நகலைக் கையால் செய்து தருகிறோம் என்றால் நான் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசிப்பேன்.

கையா, மெஷினா?

இதைக் கண்டுபிடிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் திருவல்லிக்கேணியில் பிரேம் கடை வைத்திருக்கும் ஒரு பாய். நண்பர் வாங்கிய 'கையால் தீட்டிய' படத்துக்குச் சட்டம் போடக் கொண்டுபோயிருந்தோம். அவர் கடை விளக்கை அணைத்தார். செல்போன் டார்ச்சைப் போட்டு, கேன்வாஸின் ஓரத்தில், துணியோடு படுக்கையாக வைத்தார். சாய்ந்த வெளிச்சத்தில் மேடுகள் எல்லாம் நிழலோடு எழுந்து நின்றன.

"மேடு எங்க போகுது, கலர் எங்க போகுது, ரெண்டையும் பாருங்க தம்பி" என்றார்.

பார்த்தேன். தூரிகைத் தடம் ஒன்று சிவப்பில் தொடங்கி, கறுப்புக் கோட்டைத் தாண்டி, மஞ்சளுக்குள் போய் முடிந்தது. ஒரே இழுப்பு. ஆனால் கறுப்பில் சிவப்பு ஒட்டவில்லை, மஞ்சளில் கறுப்பு இழுபடவில்லை. வண்ணம் தோய்த்த தூரிகை அப்படிப் போகவே முடியாது. அச்சின்மேல் வெறும் ஜெல்லைத் தடவியிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து எந்தப் படத்தையும் இப்படித்தான் பார்க்கிறேன். டார்ச்சுக்கு அடுத்தபடி பக்கவாட்டு ஓரம். அச்சடித்த கேன்வாஸில் படம் ஓரத்திலும் சீராக மடிந்து தொடரும். கையால் தீட்டியதில் தூரிகை கொஞ்சம் தாறுமாறாக வழிந்திருக்கும், சொட்டு விழுந்திருக்கும், அல்லது ஓரம் தனியாக வெள்ளை அடிக்கப்பட்டிருக்கும். பிறகு போன் கேமராவை நன்றாக நெருக்கிப் பாருங்கள். அச்சானால் நிறங்கள் பொடிப் புள்ளிகளாக உடையும். கடைசியாகப் படத்தைத் திருப்புங்கள். சட்டத்து மரத்தில் ஊசித்துளை மாதிரி ஓட்டைகளும் கீழே மாவு போல் தூளும் இருந்தால் வண்டு விழுந்த மரம். படம் எவ்வளவு அழகாயிருந்தாலும் வேண்டாம். அந்த வண்டு உங்கள் வீட்டு மர அலமாரிக்கும் வரும்.

இணையத்தில் வாங்குவதானால் டார்ச்சைப் படுக்கையாக வைத்து ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கையால் தீட்டுகிறவர் உடனே அனுப்பிவிடுவார்.

படத்தைத் தேர்ந்தெடுப்பது

அரூப ஓவியத்தில் மரமோ முகமோ இல்லை என்பதால், சோபா நிறத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்கிவிடுகிறோம். சோபா உறை இரண்டு வருடத்தில் மாறும். படம் இருக்கும். அதனால் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். பிடித்த மூன்று நான்கு படங்களை ஏ4 தாளில் கலர் பிரின்ட் எடுத்து, மாட்டப்போகும் சுவரிலேயே ஒட்டிவையுங்கள். இரண்டு வாரம் போகட்டும். காலையில் காபி குடிக்கும்போதும் ராத்திரி விளக்கணைக்கும்போதும் கண் எதன்மேல் போகிறது என்று பாருங்கள். என் வீட்டில் நான் முதலில் தேர்ந்த படம் நான்காம் நாளே கண்ணில் படாமல் போய்விட்டது. என் மகள் "இது என்னப்பா, கோவில் பிராகாரம் மாதிரி இருக்கு" என்று தினமும் கேட்ட இன்னொன்றுதான் இன்று சுவரில் இருக்கிறது.

நகல் எடுக்க ஏற்ற படம், ஏற்காத படம் என்று உண்டு. மோந்திரியானின் சிவப்பு-நீலம்-மஞ்சள் கட்டங்கள், மாலெவிச் என்ற ஓவியரின் சதுரம், வட்டம் போன்ற வடிவங்கள், கண்டின்ஸ்கியின் 'கம்போசிஷன் 8' (1923) ஆகியவற்றை நிதானமான கை நன்றாகவே எடுத்துவிடும். மோந்திரியான் சுலபம் என்று தோன்றும். அதனாலேயே மோசமாகச் செய்வார்கள். டேப் ஒட்டிச் சரசரவென்று நிரப்பிவிட்டால் அது தரைக்கு ஒட்டிய டைல்ஸ் மாதிரி ஆகிவிடும். மூலத்தில் வெள்ளைகூட ஒரே வெள்ளை இல்லை, தூரிகை போன திசை தெரியும். ஓவியரிடம் "வெள்ளைப் பகுதியை எத்தனை பூச்சு போடுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்வதற்கு முன் யோசிக்கிறவரிடம் வேலையைக் கொடுக்கலாம்.

ஜாக்சன் போலாக் வேறு ரகம். தரையில் விரித்த துணியில் வண்ணத்தைச் சொட்டியும் வீசியும் உண்டாக்கிய படங்கள் அவை. அந்த வீச்சை இன்னொருவர் கை திரும்பச் செய்ய முடியாது. கையால் செய்த போலாக் நகல் என்று விற்பது, அவர் பாணியில் இன்னொருவர் வீசிய வேறு படம். போலாக்தான் வேண்டும் என்றால் நல்ல அச்சு வாங்குங்கள்.

அளவு

எனக்கு மிகவும் முக்கியமாகப்படுவது இதுதான். திரையில் எல்லாப் படமும் ஒரே அளவு. அதனால் மூலம் எவ்வளவு பெரியது என்பதே நமக்குத் தெரிவதில்லை.

உலகம் முழுக்கக் காபிக் கோப்பை முதல் தலையணை உறை வரை அச்சாகும் கண்டின்ஸ்கியின் சதுரத்துக்குள் வட்டங்கள் (1913) ம்யூனிக்கில் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 24-க்கு 31 செ.மீ.; ஒரு ஏ4 தாளைவிடச் சற்றே பெரிது. காகிதத்தில், நிறங்கள் ஒன்றோடொன்று எப்படிப் பேசுகின்றன என்று அவர் பார்த்துக்கொண்ட ஒரு பயிற்சி. அதை நாலடிக்கு இழுக்கும்போது, சுண்டுவிரல் அளவு இருந்த வண்ணக்கசிவு உள்ளங்கை அகலம் ஆகிவிடும். சிலருக்கு அது பிடிக்கும். எனக்கு இரண்டடிக்கு மேல் போனால் அதன் நெருக்கம் போய்விடுவதாகத் தோன்றுகிறது. மோந்திரியானின் 1930-ஆம் ஆண்டுச் சிவப்பு-நீலம்-மஞ்சளும் ஒன்றரை அடிச் சதுரம்தான். அதை மூல அளவிலேயே வாங்கலாம், செலவும் குறைவு.

மறுபக்கம், போலாக்கின் 'ஆட்டம் ரிதம்' (Autumn Rhythm, 1950) நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் பதினேழு அடி அகலத்துக்கு நிற்கிறது. ஸ்வீடன் ஓவியர் ஹில்மா அஃப் கிளின்ட் 1907-இல் தீட்டிய 'பத்துப் பெரியவை' வரிசையில் ஒவ்வொன்றும் பத்தடிக்கு மேல் உயரம். இவற்றை இரண்டடிக்குச் சுருக்கினால் கோடுகள் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிடும். இப்படிப்பட்டதில் முழுப்படத்துக்குப் பதிலாக ஒரு பகுதியை மட்டும் எடுத்த அச்சு நன்றாயிருக்கும்.

சுவருக்கு அளவெடுக்க: சோபாவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு படத்தின் அகலம். ஆறடி சோபாவுக்கு நாலடி. செய்தித்தாள்களை அந்த அளவுக்கு ஒட்டிச் சேர்த்துச் சுவரில் டேப் போட்டு ஒட்டி, வாசற்படியில் நின்று பாருங்கள். நீள அகலத்தை மாற்றச் சொல்லாதீர்கள். சதுரப் படத்தை நீட்டினால் வட்டம் முட்டையாகும். ஆனாலும் 'உங்க சுவருக்கு ஏத்த மாதிரி செஞ்சு தர்றோம்' என்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

யாருடைய படத்தை நகல் எடுக்கலாம்?

இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியர் இறந்த பிறகு 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். கண்டின்ஸ்கி, மோந்திரியான், பால் கிளே, மாலெவிச் படங்களுக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது. ராத்கோ 1970-இல் இறந்தவர். 2030 முடியும்வரை உரிமை உண்டு. இந்திய ஓவியர் வி.எஸ். கைதொண்டே இறந்தது 2001-இல், ராசா 2016-இல். 'ராசா பிந்து' (ராசா திரும்பத் திரும்பத் தீட்டிய வட்டப்புள்ளி) என்று சந்தையில் குவிந்திருக்கும் நகல்களில் அனுமதி பெற்றது எது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. இலங்கையிலும் ஐரோப்பிய நாடுகளிலும் 70 ஆண்டுக் கணக்கு. அங்கே இருப்பவர்கள் அதை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உரிமைக்காலம் முடிந்த படமானாலும், மூல ஓவியரின் கையெழுத்தை நகலில் போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முதுகில் 'இன்னாரின் இன்ன படத்தின் நகல்' என்று எழுதி, தீட்டியவர் தன் பெயரையும் வருடத்தையும் போடட்டும். நகல் தீட்டுவதும் உழைப்புதான்; அந்தக் கைக்கும் ஒரு பெயர் உண்டு.

உரிமை இருக்கும் நம்மூர் ஓவியரின் படம்தான் பிடித்திருக்கிறது என்றால், நகலை விட்டுவிட்டு நேரே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கம் போங்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் சேர்ந்து 1966-இல் உண்டாக்கிய சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமம் அங்கே இருக்கிறது. பத்திக் துணி (மெழுகு பூசிச் சாயம் தோய்ப்பது) செய்து விற்று, அந்தப் பணத்தில் ஓவியம் தீட்டிய கூட்டம் அது. நவீன ஓவியத்தை அங்கே நேரில் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வந்தால், நகல் வாங்கும்போதும் கண் தெளிவாக இருக்கும்.

ஆர்டர் கொடுக்கும்போது

ஓவியரிடமோ கடையிலோ வாய்ப்பேச்சாக விடாமல் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்க வேண்டியவை: கையால் தீட்டியதா, அச்சா, துணி பருத்தியா, பாலியஸ்டரா, சட்டத்தோடு வருமா, சுருட்டி வருமா, வார்னிஷ் உண்டா, பளபளப்பா மேட்டா, உடைந்து வந்தால் யார் பொறுப்பு. சொல்லிச் செய்யும் பொருள் என்பதால் திருப்பி எடுக்க மாட்டோம் என்பார்கள். அதனால் முழுப் பணத்தையும் முன்கூட்டியே தராமல் பாதி முன்பணம், முடிந்த படத்தைப் பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்து எடுத்த போட்டோ பார்த்தபின் மீதி என்று பேசிக்கொள்ளுங்கள். வேலை நடக்கும்போது அனுப்பும் போட்டோவைப் பார்த்து நிறத்தை முடிவு செய்யாதீர்கள்; அக்ரிலிக் ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்ததும் ஒரு படி இருளும்.

நிறம் ஒத்துப்பார்க்க, படத்தை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்திலிருக்கும் படத்தையே இருவரும் பார்த்துப் பேசுங்கள். தேடுபொறியில் வருகிற ஒரே ஓவியத்தின் பத்துப் படங்களில் சிவப்பு பத்து விதமாக இருக்கும்.

வெளிநாட்டுத் தளங்களில் 'கையால் தீட்டியது' என்று வருபவற்றில் பல, சீனாவின் ஷென்சென் நகரத்து டாஃபென் பகுதியிலிருந்து வருகின்றன. 1989-இல் ஹுவாங் ஜியாங் என்பவர் அங்கே தொடங்கிய நகல் ஓவியத் தொழில் ஊர் முழுக்கப் பரவியது. தேர்ந்த கைகள் அங்கே உண்டு. ஆனால் குழாயில் சுருட்டி வரும். இங்கே சட்டத்தில் இழுத்து அடிக்க ஆள் வேண்டும். சுருட்டும்போது வண்ணப்பக்கம் வெளியே இருக்க வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். உள்ளே இருந்தால் விரிக்கும்போது வண்ணம் வெடிக்க வாய்ப்பு அதிகம். தடித்த மேடுகள் உள்ள படத்தைச் சுருட்டவே கூடாது.

நம் வெயிலுக்கென்று ஒரு எச்சரிக்கை. காய்ந்த அக்ரிலிக் வண்ணம் சூட்டில் இளகும் தன்மை உள்ளது. மே மாதத்தில் என் தங்கைக்கு வந்த ஒரு படத்தில் பபிள் ஷீட்டை நேராக வண்ணத்தின்மேல் சுற்றியிருந்தார்கள். லாரியில் இரண்டு நாள் வெந்திருக்கிறது. பிரித்தபோது நீலம் முழுக்க வரிசை வரிசையாக வட்டத் தழும்பு. எதைச் செய்தும் போகவில்லை. ஆகவே வண்ணத்தின்மேல் முதலில் வழவழப்பான பட்டர் பேப்பர், அதன்மேல் அட்டை, அதற்கு மேல்தான் பபிள் ஷீட். குமிழ்ப்பக்கம் வெளியே பார்க்கட்டும். அவசரப்பட்டு வாங்காமல், தடித்துப் பூசிய படம் நன்றாக இறுக இரண்டு மூன்று வாரம் விடுங்கள்.

பலகை வாங்குவதானால் கேட்க வேண்டியது கனம். 60-க்கு 90 செ.மீ. பலகை 5 மி.மீ. கனத்தில் மூன்று கிலோவுக்குச் சற்று மேல் வரும். மூன்று மில்லி பலகை அந்த அளவில் வளையப் பார்க்கும். விளிம்பு வழுவழுவென்று மெருகேறியிருக்க வேண்டும். பின்னால் படத்துக்கும் பலகைக்கும் நடுவே காற்றுக்குமிழ் இருந்தால் வாங்க வேண்டாம். அது நாளாக ஆக வளரும்.

பெட்டி வந்ததும் பிரிப்பதற்கு முன்னிருந்தே வீடியோ எடுங்கள். சேதத்தோடு வந்து விற்றவர் கைவிரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வீடியோ இருந்தால் பேச்சு சுலபம்.

மாட்டுவது

நம் வீடுகளில் தாத்தா பாட்டி படங்களைக் கதவு நிலைக்கு மேலே சாய்த்து மாட்டிப் பழகியிருக்கிறோம். அந்த உயரத்தில் ஓவியம் வேண்டாம். தரையிலிருந்து படத்தின் நடுப்பகுதி நாலேமுக்கால் அடியில் இருக்கட்டும். சோபாவுக்கு மேலே என்றால் முதுகுக்கும் படத்துக்கும் ஒரு சாண் இடைவெளி போதும்.

வெறும் ஆணியை நம்பாதீர்கள். செங்கல் சுவரில் டிரில் போட்டு, பிளக் இறக்கி, ஸ்க்ரூ முடுக்குங்கள். புது அடுக்குமாடிகளின் ஏஏசி பிளாக் (காற்றுத் துளைகள் நிறைந்த லேசான சிமென்ட் கல்) சுவரில் சாதாரண பிளக் பிடிக்காது. அதற்கென்றே விற்கும் பிளக் கேளுங்கள். வாடகை வீடானால் ஓட்டை போடும்முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஒரு அலமாரியின் மேல் சுவரோடு சாய்த்து வைக்கலாம், அதுவும் அழகுதான். பலகைக்கு மட்டும் நான்கு மூலையிலும் ஸ்டீல் குமிழ் போட்டுச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்துவார்கள். நான்கு ஓட்டையும் ஒரே மட்டத்தில் வராவிட்டால் பலகை முறுக்கிக்கொள்ளும். ஆளை வைத்துச் செய்யுங்கள்.

பலகையை ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினால் படம் தெரியாது. ஜன்னல் கம்பியும் சுற்றுகிற பேனும் டியூப் லைட்டும்தான் தெரியும். கேன்வாஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. அப்புறம் விளக்கு: நம் வீட்டு டியூப் லைட்டுகள் பெரும்பாலும் 6500 கெல்வின் வெள்ளை (கெல்வின் எண் கூடக்கூட வெளிச்சம் நீலம் பாயும், குறையக் குறைய மஞ்சள் பாயும்), அதில் சிவப்பும் காவியும் செத்துவிடும். படத்துக்கு மட்டும் 3000 கெல்வின், சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு) 90-க்கு மேல் உள்ள ஒரு சின்ன எல்இடி போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் முதல்நாள் ராத்திரி அதைப் போட்டதும், பழுப்பு என்று நாங்கள் நினைத்திருந்த கட்டம் செங்காவியாகத் திரும்பியது.

துடைப்பது, காப்பது

பலகையைக் கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரேயால் துடைக்காதீர்கள். பல ஸ்ப்ரேக்களில் அம்மோனியாவோ ஆல்கஹாலோ இருக்கும். அக்ரிலிக் பலகை அதில் மெல்லிய மெல்லிய விரிசலாகப் பூத்துப்போகும். முதலில் தூசியை ஊதித் தட்டிவிட்டு, ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோபைபர் துணியால் அழுத்தாமல் துடையுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும், மின்னேற்றம் பிடித்துத் தூசி இன்னும் அதிகமாக வந்து ஒட்டும்.

கேன்வாஸுக்குத் தண்ணீரே வேண்டாம். மெத்தென்ற காய்ந்த தூரிகையால் மேலிருந்து கீழாக மாதம் ஒருமுறை தட்டினால் போதும். சமையலறைக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினால் தாளிக்கிற எண்ணெய்ப்புகை படிந்து தூசி பிசுக்காகிவிடும், தூரிகைக்கு அது வராது.

ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை படத்தை இறக்கிப் பின்பக்கம் பாருங்கள். சுவர் ஓதம் காத்தால் துணியின் முதுகில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சணம் புள்ளி வைக்கும், சட்டத்துக்குக் கரையான் மண் ஏறும். கீழ் மூலை இரண்டிலும் ஒரு ரூபாய் அளவில் ரப்பர் அல்லது கார்க் துண்டு ஒட்டிவிட்டால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். நான் வடசுவரில் மாட்டியிருப்பதற்கு அப்படித்தான் ஒட்டியிருக்கிறேன். மூன்று மழைக்காலம் ஆகியும் முதுகுத்துணி வெள்ளையாகவே இருக்கிறது.